கண் காயம் கப்பலுக்காகக் காத்திருக்காது

மே மூன்றாம் வாரம் முதல் மழைக்காலம் முடியும் வரை: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மாடு, ஆடு வளர்ப்போருக்கு

கேரளத்துக்கு முன்பே தென்மேற்குப் பருவமழை நம் தீவுகளுக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், இந்த மாதங்களில் குளம்பு அழுகல், மடிநோய், உண்ணி என்று கவலைக்குக் குறைவிருக்காது. கண்ணை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மழை தொடங்கியதும் கண் காயத்துக்கான காரணங்கள் எல்லாம் ஒன்றுகூடி வருகின்றன. பாக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் காற்றுக்கு மட்டை முறிந்து விழும். ஓரிரு வாரத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, குனிந்து மேயும் மாட்டின் கண்ணைக் கீறும். மழைக்கு ஒதுங்கி ஒரே கொட்டகையில் அடைபடும் மாடுகள் ஒன்றையொன்று முட்டும். ஈரச் சாணத்தில் ஈ பெருகும். போதாததற்கு, கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். ஹட்பேயிலோ கச்சாலிலோ இருப்பவருக்கு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர், அப்போது எட்டாத தூரம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் மாடு வலியில் நிற்கிறது. அதை அவசரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் கண்ணீர் வழிந்து தடம் விழுந்திருப்பது, வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்புவது, இமை வீங்குவது, கருவிழியில் நீலம் கலந்த மூட்டம் படர்வது ஆகியவையும் அதே கதைதான். ஒரு கண்ணில் மட்டும் என்றால் முதலில் அடி அல்லது கீறலைச் சந்தேகியுங்கள். இரண்டு கண்ணிலும் பீளை தள்ளினால், அல்லது மந்தையில் நாலைந்து ஆட்டுக்கு ஒரே நேரத்தில் வந்தால், அது தொற்றாக இருக்கலாம். “பூ விழுந்திருக்கிறது, தானா போயிடும்” என்று விடுகிறவர்கள் உண்டு. சில பூ தானாகப் போவதும் உண்மை. ஆனால் கருவிழியின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதில் புண் விழுந்து கிருமி ஏறினால் ஓரிரு நாளில் குழிந்து ஓட்டையாகிவிடக் கூடும். எந்தப் பூ போகும், எது போகாது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

முதல் வேலை கழுவுவது. கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் இன்னும் நல்லது. ஊசியைக் கழற்றிவிட்டு சிரிஞ்சில் எடுத்து, கண்ணின் ஓரத்திலிருந்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். கருவிழி மேல் நேராக வேகமாக அடிக்க வேண்டாம். மாட்டைத் தூணோடு சேர்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டை முழங்கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டால் போதும். வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று கடல்நீரை எடுத்துவிடாதீர்கள். கண்ணுக்கு ஏற்ற உப்பைப் போல அதில் ஏறக்குறைய நாலு மடங்கு இருக்கிறது. இளநீரும் வேண்டாம். உமி, மண், நெல் சுணை போன்று மேலாக ஒட்டியிருப்பவை கழுவினாலே வந்துவிடும். பிரம்பு முள்ளோ குச்சியோ கருவிழிக்குள் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் உள்ளே இருக்கும் நீரும் சேர்ந்து வெளியேறி, கண் சுருங்கிவிடும். அழுத்தாமல், மாடு தேய்க்காமல் பார்த்துக்கொண்டு, மருத்துவரை வரவழையுங்கள்.

செய்யக் கூடாததைச் சொல்லாமல் விட்டால் இந்த அறிவிப்பினால் பயனில்லை. உப்பைத் தூவுவது, புகையிலை எச்சில் துப்புவது, சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலைச் சாறு எல்லாம் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. புண்ணான கருவிழியில் இவை அனைத்தும் இன்னொரு காயம்தான். ஆனால் இதைவிட அதிகமாகக் கெடுப்பது, வீட்டு அலமாரியில் யாருக்கோ வாங்கி மீதமிருக்கும் கண் சொட்டுமருந்து என்பது என் எண்ணம். அந்தச் சிறு பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட மறுநாள் சிவப்பு குறையும், கண்ணீர் நிற்கும், மாடு கண்ணைத் திறக்கும். வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். உள்ளே நடப்பது வேறு. கருவிழியின் மேல்தோல் மூடுவதை ஸ்டீராய்டு தாமதப்படுத்துகிறது, கிருமியை எதிர்க்கும் உடலின் தற்காப்பை மட்டுப்படுத்துகிறது, கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கு வழிவிடுகிறது. பூஞ்சைக் கிருமியாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் ஊரில் பூஞ்சைக்குக் குறைவில்லை.

புண் இருக்கிறதா இல்லையா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஃபுளோரசின் என்ற ஆரஞ்சு நிறத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டால், புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது, “புண் இருக்கான்னு சாயம் போட்டுப் பாத்துடுங்க டாக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? அந்தச் சோதனைக்கு முன் ஸ்டீராய்டு கிட்டவே வரக் கூடாது.

இன்னொன்று, குளோராம்பெனிகால் களிம்பு. மனிதருக்கு எளிதாகக் கிடைப்பதால் பலர் மாட்டுக்கும் பிதுக்குகிறார்கள். பால், இறைச்சி தரும் விலங்குகளுக்கு இந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. காலையில் கறந்த பால் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனை நாள், பாலை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அலையாத்திக் காட்டு ஓரமாக ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிதம்பரத்தின் தல மரமான தில்லை இங்கே சதுப்பு ஓரங்களில் தாராளமாக வளர்கிறது. அதன் கிளை முறிந்தால் வடியும் வெள்ளைப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகக் குருட்டுத்தனமும் வரும். ஆட்டுக்கு மட்டுமல்ல, விறகு ஒடிக்கும் நமக்கும்தான். அந்த இடத்திலேயே, கையில் இருக்கும் குடிநீரைக் கொண்டே, குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். உப்புநீர் காய்ச்சிக்கொண்டு நிற்க நேரமில்லை. எருக்கம் பாலுக்கும் இதே வழி. வேலைக்குப் போகும்போது ஒரு தண்ணீர் பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.

ஈ பரப்பும் கண்நோய் மழைக்கு இடையே வெயில் அடிக்கும் நாள்களில் தலை தூக்கும். மாட்டில் மொராக்செல்லா என்ற பாக்டீரியா, ஆட்டில் மைக்கோபிளாஸ்மா, கிளாமிடியா வகைகள் காரணமாகின்றன. நோயுற்றதை நிழலில் தனியே கட்டி, அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த ஆட்டைத் தொடுங்கள். கண்ணைத் துடைத்த துணியை எரித்துவிடலாம். சாணத்தைத் தினமும் அகற்றிக் குழியில் போட்டு மூடுவதே ஈக்கு முதல் மருந்து. நெற்றிக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதில் தேங்காய் நார்ச் சரங்களைத் தொங்கவிட்டால் தலை ஆடும்போது ஈ உட்காராது. கொசுவை விரட்டக் கொட்டகையில் புகை போடுகிறவர்கள், கண் வீங்கியிருக்கும் மாட்டைப் புகைக்கு எதிர்ப்புறமாகக் கட்டுங்கள். மூன்றாம் இமைக்கு அடியில் வெள்ளை நூல் போன்ற புழு நெளிந்தால் தெலேசியா எனும் கண்புழு. ஈதான் அதையும் கொண்டுவருகிறது. கையால் இழுக்காமல் மருத்துவரிடம் விடுங்கள்.

குதிரை இங்கே அபூர்வம். ஆனாலும் ஊட்டி, கொடைக்கானலில் மட்டக்குதிரை ஓட்டும் உறவினர் இருப்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லலாம். தலையின் இருபுறமும் துருத்தி நிற்கும் குதிரைக் கண் நிலவாழ் பாலூட்டிகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதனால் அடி எளிதில் படும். புண் விழுந்தால் பூஞ்சை ஏறி வேகமாக உருகும் தன்மை மாட்டைவிட அதற்கு அதிகம். இமையை இறுக மூடிக்கொண்டால் மனிதக் கையால் திறக்க முடியாது. மருத்துவர் நரம்பை மரத்துப்போகச் செய்துதான் பார்ப்பார். இன்னொரு விசித்திரமும் உண்டு. மாட்டின் வயிற்றுக்குள் பெரிய தொல்லையில்லாமல் வாழும் செட்டேரியா புழுவின் குஞ்சைக் கொசு குதிரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், அது வழிதவறிக் கண்ணுக்குள் நுழைந்து, கருவிழிக்குப் பின்னால் உயிரோடு நீந்தும். இந்தியாவில் பல கால்நடை மருத்துவமனைகளில் அறுவை செய்து இதை வெளியே எடுக்கிறார்கள். குதிரைக் கண்ணில் வெள்ளை நூல் அசைவதைக் கண்டவர் கண் மருந்து தேடாமல் மருத்துவமனைக்கு வண்டி தேட வேண்டும்.

கப்பல் இல்லாத நாளில் என்ன செய்வது? சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட இணையக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அது ஹட்பே, ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்பல்பே வரை வந்திருக்கிறது. அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்தின் எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் நல்ல கண்ணையும் கெட்ட கண்ணையும் தனித்தனியாகப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்றும் டார்ச் அடித்து ஒன்றும் எடுத்தால் கருவிழியின் பள்ளம் தெரியும். எப்போது பார்த்தீர்கள், எதைப் போட்டீர்கள் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். சுண்ணாம்பு வைத்ததைச் சொன்னால் மருத்துவர் திட்டுவார்தான். சொல்லாவிட்டால் கண் போகும்.

மழை வலுக்கும் முன் இந்த வாரமே மூன்று பொருள்களை வாங்கி வையுங்கள்: 500 மில்லி சலைன் பாட்டில் இரண்டு, ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, சுத்தமான பஞ்சு ஒரு கட்டு. எல்லாவற்றையும் ஈரம் படாத டப்பாவில் போட்டுக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிடுங்கள். அந்த டப்பாவில் கண் சொட்டுமருந்து எதுவும் இருக்கக் கூடாது.