இமாம் கஸ்ஸாலி ஏன் திரும்பி வந்தார்?

எமது பாடசாலைகளில் தலைமைத்துவத்துக்குக் குறைவில்லை. வருட ஆரம்பத்தில் மாணவத் தலைவியருக்குச் சின்னம் சூட்டுகிறோம். வகுப்புத் தலைவி, இல்லத் தலைவி, இஸ்லாமிய மஜ்லிஸ் தலைவி, தமிழ் மன்றத் தலைவி என்று பதவிகளைப் பகிர்ந்து கொடுக்கிறோம். விடுமுறையில் தலைமைத்துவப் பயிற்சி முகாமும் நடக்கும். கூட்டத்துக்கு முன்னால் அச்சமின்றிப் பேசவும், ஒரு விழாவை ஒழுங்கு செய்யவும், குழுவாக வேலை செய்யவும் பிள்ளைகள் அங்கே பழகிக்கொள்கிறார்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் 'இதை நான் யாருக்காகச் செய்கிறேன்?' என்று ஒரு தலைவி தன்னையே கேட்டுப் பார்ப்பதற்கு எந்த முகாமின் நேரசூசியிலும் இடம் ஒதுக்கியிருப்பதை நான் காணவில்லை.

அந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டு, அதனால் பேச்சையே இழந்து நின்ற ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்ற பட்டத்தையும் 'இஹ்யா உலூமித்தீன்' என்ற நூலின் பெயரையும் எழுதிவிட்டால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். அவரது வாழ்வில் ஆறு மாதங்கள் இருக்கின்றன. அவை வினாத்தாளுக்கு வருவதில்லை. தன்னை அறிதல் என்றால் என்ன, அதற்கும் தலைமைக்கும் என்ன தொடர்பு என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அதிகம் உதவியவை அந்த ஆறு மாதங்களே.

இன்றைய ஈரானின் வடகிழக்கே, குராசான் பகுதியின் தூஸ் நகரில் கி.பி. 1058இல் அவர் பிறந்ததாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தந்தை விட்டுச்சென்ற சிறு தொகையும் முடிந்தபின், சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும் என்பதற்காகவே அவரும் சகோதரர் அஹ்மதும் மத்ரஸாவில் சேர்ந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எண்ணம் பசியில் தொடங்கியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மில் பலருடைய படிப்பும் அப்படித்தான் தொடங்குகிறது.

ஜுர்ஜானில் படித்துவிட்டு ஊர் திரும்பும்போது வழிப்பறிக்காரர்கள் அவரது பொருட்களைப் பறித்துக்கொண்டார்கள். பாடக் குறிப்புகளை மட்டுமாவது தந்துவிடுங்கள், என் அறிவெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அவர் மன்றாடினார். கூட்டத்தின் தலைவன் சிரித்தான். நாங்கள் எடுத்துக்கொண்டதும் இல்லாமல் போய்விடும் அறிவை உன்னுடையது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தான். ஊருக்கு வந்த கஸ்ஸாலி மூன்று வருடங்கள் இருந்து அவற்றை மனதில் ஏற்றிக்கொண்டார். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வாரம் தொலைந்த டியூட்டைத் தேடி அழும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருடனின் ஞாபகம் வரும். அவனும் ஒரு நல்ல ஆசிரியன்தான்.

பின்னர் நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி அவர்களிடம் கற்றார். ஆசிரியர் 1085இல் மறைந்தபின் ஸல்ஜூக்கிய அரசின் பெரும் மந்திரியான நிழாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார். அங்கே அறிஞர்களோடு நடந்த விவாதங்களில் எவராலும் அவரை வெல்ல முடியவில்லை. 1091இல் பக்தாத் நிழாமிய்யா கலாசாலையின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். நாற்பது வயதை எட்டவில்லை. அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பதவிகளில் ஒன்று அவர் கையில். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் மாளிகையிலும் மதிப்பு இருந்தது.

வெற்றியின் நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது. 'அல்முன்கிது மினள்ளலால்' என்ற தமது சுயசரிதையில் அவரே இதை ஒளிக்காமல் சொல்கிறார். தமது வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவற்றில் மிகச் சிறந்தது கற்பித்தல்தான். அதன் நிய்யத்தைத் தோண்டிப் பார்த்தபோது அது அல்லாஹ்வுக்கென்று தூய்மையாக இருக்கவில்லை. பதவியும் புகழும் பரவ வேண்டும் என்ற ஆசையே அதைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். நாம் சாதாரணமாகத் தேடுவது எமது குறைகளை: கோபம், சோம்பல், தொழுகையில் கவனமின்மை. அவர் சந்தேகித்தது தம்முடைய மிகச் சிறந்த செயலை. அவரது பாடத்தில் பிழை இருக்கவில்லை, மாணவர்களுக்கு அநீதி நடக்கவில்லை, எவரும் முறைப்பாடு செய்யவில்லை. எல்லோரும் பாராட்டும் ஒரு வேலைக்குள் போய் அதன் வேரைப் பார்ப்பது கெட்ட பழக்கத்தை ஒத்துக்கொள்வதை விட எத்தனையோ மடங்கு கடினம்.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்திலிருந்து, அதாவது 1095 ஜூலை முதல், ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் இழுபட்டார். காலையில் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட முடிவு செய்வார். மாலையில் மனம் மாறிவிடும். இவ்வளவு சிறப்பான இடத்தை விட்டுவிட்டால் நாளை திரும்பி வர நினைத்தாலும் கிடைக்குமா என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். ஒருநாள் வகுப்பில் நாவு கட்டுண்டது. மாணவர்களைத் திருப்திப்படுத்தவேனும் ஒருநாள் பாடம் நடத்த முயன்றார்; ஒரு சொல்லும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, குடித்த தண்ணீரும் செமிக்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்த நோய், மனப்பாரம் இறங்கினால் அன்றி மருந்தில்லை என்று சொல்லி வைத்தியர்கள் கைவிட்டார்கள்.

1095 நவம்பரில் பக்தாதை விட்டார். பிள்ளைகளுக்குப் போதுமானதை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சச் செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்தார். நிழாமிய்யாவில் அவரது இடத்தில் சகோதரர் அஹ்மத் கற்பித்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 'மனசுக்குச் சரியில்லை' என்று ஒப்புக்கொண்ட பொறுப்பை நடுவழியில் போட்டுவிட்டுப் போவதற்கு எவரும் இமாமைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அவர் போனதற்கு வேறு காரணம் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. 1092இல் நிழாமுல் முல்க் கொல்லப்பட்டார். அதே வருடம் சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். வாரிசுப் போட்டி மூண்டது. அரசியல் பயம்தான் அவரைத் துரத்தியது என்பது அவர்கள் வாதம். பயமும் இருந்திருக்கலாம். ஆனால் பயந்து ஓடிய ஒருவர் தம்மைப் பற்றி எழுதும்போது கௌரவமான ஒரு காரணத்தைத் தேடியிருப்பார். புகழாசையைத் தம் தலையில் தாமே எழுதிவைப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

திமஷ்கில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தங்கினார். உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகலைத் தனிமையில் கழித்தார். பைத்துல் முகத்தஸ் சென்றார், ஹஜ்ஜையும் நிறைவேற்றினார். அல்கலீல் நகரில் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகள் எடுத்தார்: ஆட்சியாளரின் வாசலுக்குப் போவதில்லை, அவர்களின் பணத்தை வாங்குவதில்லை, வெல்வதற்காக விவாதிப்பதில்லை. தாம் எந்த இடத்தில் வழுக்குவோம் என்று அவர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

இந்தக் காலத்தில் எழுதத் தொடங்கியதுதான் 'இஹ்யா'. நாற்பது பகுதிகள் கொண்ட அந்நூலில், தன் குறையைத் தானே அறிந்துகொள்வது எப்படி என்று ஓர் இடத்தில் நான்கு வழிகளைக் காட்டுகிறார். உள்ளத்தின் நோய் தெரிந்த ஓர் ஆசானிடம் இருப்பது முதலாவது. உண்மை பேசும் ஒரு தோழியை வைத்துக்கொள்வது அடுத்தது. பகைவரின் வாயிலிருந்து கேட்டுக்கொள்வது மூன்றாவது. முகத்துக்கு முன் புகழும் நண்பரை விடக் குறை சொல்லும் பகைவரால் கிடைக்கும் பயன் அதிகம் என்கிறார். வகுப்பில் உங்களைப் பிடிக்காத ஒருத்தி இருந்தால், அவள் உங்களைப் பற்றிச் சொல்லித் திரிவதில் பாதியேனும் உண்மையா என்று ஒரு தடவை பாருங்கள். அவள் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்த ஆசிரியை. பிறரிடம் காணும் குறை தன்னிடமும் இருக்கிறதா என்று தேடுவது கடைசி வழி.

தோழமைக்கு உதாரணமாக உமர் (ரழி) அவர்களின் சம்பவம் ஒன்றை அங்கே எடுத்துக் காட்டுகிறார். கலீஃபாவாக இருந்தபோது அவர் ஸல்மான் (ரழி) அவர்களிடம், என்னைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத எது உங்கள் காதுக்கு வந்தது என்று கேட்டார். ஸல்மான் தவிர்க்கப் பார்த்தார், உமர் விடவில்லை. ஒரே சாப்பாட்டில் இரண்டு கறி வைத்ததாகவும், பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக இரண்டு உடுப்பு வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன் என்றார் ஸல்மான். வேறு ஏதும் உண்டா என்று உமர் கேட்டார். இல்லை என்றதும், இந்த இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். விளக்கம் சொல்லவில்லை, யார் சொன்னது என்று விசாரிக்கவும் இல்லை. குறையைச் சொல்லுங்கள் என்று கேட்கும் தலைவிகளை நான் கண்டிருக்கிறேன். சொன்னபின் 'யாரு சொன்னது?' என்று கேட்காத தலைவி அபூர்வம்.

இன்னோர் இடத்தில் இமாம் வியாபாரியின் கணக்கை உவமையாக எடுக்கிறார். அறிவு முதலாளி, நப்ஸ் அவனுடைய பங்காளி. காலையில் பங்காளியோடு நிபந்தனை பேசு, பகல் முழுவதும் அவன் மேல் கண் வை, இரவில் கணக்குப் பார் என்கிறார். பர்ளான கடமைகள் முதல், ஸுன்னத்துகள் இலாபம், பாவங்கள் நட்டம். கடையை மூடியபின் வாப்பா கணக்குக் கொப்பியோடு இருக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் அவர் நித்திரைக்குப் போகமாட்டார்.

மாணவத் தலைவி ஒருத்தி இந்தக் கணக்கை எங்கே தொடங்கலாம்? காலையில் வாசலில் பிந்தி வருபவர்களின் பெயர் எழுதும் கொப்பியில் தொடங்கலாம். எழுதிய பெயர்களை இமாமிடம் காட்டத் தேவையில்லை. எழுதாமல் விட்ட பெயர்கள் யாருடையவை, ஏன் விட்டேன், அதிபர் பக்கத்தில் நிற்கும்போது என் குரல் ஏன் கொஞ்சம் உயர்கிறது? இவ்வளவும் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெறுபேறு வந்த அன்றே ஒன்பது ஏயும் வாப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. சந்தோஷம் நியாயமானது, அதை எவரும் தடுக்க முடியாது. ஆனால் சிறு வயதிலிருந்தே குர்ஆன் ஓதினாலும் பரிசு வாங்கினாலும் முதலில் போனைத் தூக்கிப் பிடித்தால், நல்லது என்பது பிறர் பார்ப்பதற்கானது என்று பிள்ளை படித்துக்கொள்ளும். எவரும் பார்க்காத நாளில் அவளுக்குக் கை ஓடாது. எந்தப் பிள்ளையை எந்தத் துறைக்கு அனுப்புகிறோம் என்று முடிவெடுக்கும் இரவில், இது பிள்ளைக்காகவா எனக்காகவா என்ற கேள்வி உம்மாவும் வாப்பாவும் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டியது.

வகுப்பில் இந்த வரலாற்றைச் சொல்லி முடித்த ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "இவ்வளவும் விட்டுட்டுப் போய், கடைசீல அதே வேலைக்குத்தானே வந்தார் டீச்சர்? அப்ப என்ன மாறினது?"

நல்ல கேள்வி. ஹிஜ்ரி 499 துல்கஃதாவில், பக்தாதை விட்ட அதே மாதத்தில், சரியாகப் பதினொரு வருடங்களுக்குப் பின் நீஷாப்பூர் நிழாமிய்யாவில் அவர் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். அழைத்தவர் நிழாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க். ஆட்சியாளரின் வாசலுக்குப் போவதில்லை என்று உறுதி எடுத்தவருக்கு இது இலேசான முடிவாக இருந்திருக்காது. தனிமையிலேயே இருந்துவிட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அந்தத் தனிமையையும் அவர் விசாரித்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விடயம். மக்கள் குழம்பிப்போயிருக்கும் நேரத்தில் நான் ஒதுங்கி இருப்பது எதற்காக? சோம்பலா, ஓய்வின் சுகமா, பிறரின் பேச்சிலிருந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையா? முன்பு பதவிக்குள் ஒளிந்திருந்த நப்ஸ் இப்போது துறவுக்குள் ஒளிந்திருக்கிறதோ என்று பார்த்தார். தாமே முடிவு செய்யாமல், உள்ளம் தெளிந்த பலரிடம் ஆலோசனை கேட்டார். எல்லோரும் வெளியே வரச் சொன்னார்கள்.

எனவே "எனக்குப் பதவி வேண்டாம், நான் பின்னால் இருக்கிறேன்" என்பது எல்லா நேரமும் பணிவாகிவிடாது. தகுதியுள்ள பிள்ளை பிறர் குறை சொல்வார்களே என்று ஒதுங்கினால், அந்த ஒதுங்குதலுக்கும் கணக்குக் காட்டத்தான் வேண்டும். இப்படி ஒதுங்கும் பெண் பிள்ளைகளை அடக்கமானவர்கள் என்று பாராட்டும் வழக்கம் எம்மிடம் உண்டு. எது அடக்கம், எது பயம் என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

என்ன மாறியது என்ற கேள்விக்கு இமாமே பதில் எழுதியிருக்கிறார். பார்ப்பவர்களுக்கு நான் திரும்பியதாகத் தோன்றும், உண்மையில் நான் திரும்பவில்லை என்பது அவர் கருத்து. அன்று எந்த அறிவினால் அந்தஸ்து கிடைக்குமோ அதன்பால் மக்களை அழைத்தார். இன்று எந்த அறிவினால் அந்தஸ்தின் ஆசை விழுந்துவிடுமோ அதன்பால் அழைக்கிறார். அந்த மாணவிக்கு இதைச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அவருக்கு மட்டும்தானே விளங்கும்" என்றாள். ஆம் என்றேன். எவரும் அளந்து சான்றிதழ் கொடுக்க முடியாத மாற்றம் அது.

பின்னர் ஊரான தூஸுக்கே வந்து, வீட்டின் பக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்துக்கொண்டார். 1111 டிசம்பரில் அங்கேயே வபாத்தானார். அதற்கு முந்திய வருடம் பக்தாத் நிழாமிய்யாவிலிருந்து மீண்டும் அழைப்பு வந்திருந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் விட்டுவந்த அதே ஆசனம். வர இயலாது என்று அவர் எழுதிய பதிலில் சொன்ன காரணங்களில் ஒன்று, தம்மை நம்பித் தூஸில் நூற்றைம்பது மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது.