தையல் பொறியில் எண்ணெய் எங்கே இட வேண்டும்?

விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்தை அடுத்த தளவாய்புரம், செட்டியார்பட்டி ஆகிய ஊர்களில் நைட்டியும் உள்பாவாடையும் தைப்பது முக்கியத் தொழில். அங்கே தையல் பொறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். பிற ஊர்களிலும் பாட்டி காலத்துக் கறுப்பு நிறப் பொறி பல வீடுகளில் உண்டு. ஐசக் சிங்கர் 1851-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொறியின் வழிவந்த சிங்கர், 1930-களில் கல்கத்தாவில் பிறந்த உஷா ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. உறுதியான இப்பொறிகள் "இறுகிவிட்டன" என்று பழைய இரும்புக் கடைக்குப் போவதைக் காண்கிறோம். பெரும்பாலும் குறை பொறியில் இல்லை; அதற்கு இட்ட எண்ணெயில்தான் உள்ளது.

உராய்வு: பகையும் நட்பும்

கைச்சக்கரத்தின் சுழற்சி, உள்ளே ஊசித்தண்டின் மேல்கீழ் இயக்கமாக மாறுகிறது. இங்கே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் உராய்வு குறையும், தேய்மானமும் குறையும். வேகமாகச் சுழலும் தண்டை இப்படலம் தன் அழுத்தத்தாலேயே தாங்க வல்லது என்பதை பீச்சம் டவர் 1883-இல் சோதனையில் கண்டார். ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் அதைக் கணக்கால் விளக்கினார்.

ஆனால் எல்லா இடத்திலும் உராய்வு பகையன்று. மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் இரு தட்டுகளுக்கு உராய்வே வேலை. அங்கே எண்ணெய் பட்டால் நூல் வழுக்கும். துணியின் அடியில் நூல் சுருண்டு தொங்கும். மிதிபொறியின் தோல் வாரில் பட்டால் வார் வழுக்கும். ஆகவே தட்டுக்கும் வாருக்கும் எண்ணெய் கூடாது. எண்ணெய்த் துளைகள், ஊசித்தண்டு, பாபின் அமரும் கொக்கி ஓடும் பள்ளம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு துளி போதும்.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பொறி கனப்பது அதனால்தான். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றின் ஆக்சிஜனோடு சேர, அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் மெல்லிய மிஷின் எண்ணெய் எளிதில் அவ்வாறு ஆவதில்லை.

தூய்மை செய்யும் முறை

மோட்டார் இருந்தால் முதலில் மின் இணைப்பைக் கழற்றுக. ஊசியையும் பாபினையும் எடுத்துவிடுக. ஊசித்தகட்டைத் திறந்து, பல்லின் அடியில் சேர்ந்துள்ள பஞ்சைச் சிறு தூரிகையால் நீக்குக. இப்பஞ்சு எண்ணெயை உறிஞ்சிக் கம்பளம்போல் இறுகிக் கிடக்கும். பிசின் பிடித்த இடங்களில் இரண்டொரு துளி மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அசையாவிடில் ஓர் இரவு விட்டுவிடுக. வலிந்து திருகினால் பாகம் ஒடியும். வெளிவரும் கறுப்பு அழுக்கைத் துடைத்தபின் மிஷின் எண்ணெய் இடுக. இறுதியில் கழிவுத் துணியில் தைத்து, மிகுந்த எண்ணெயைப் போக்குக. மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் கூடாது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் வட்டாரம் இது. நனைந்த துணியை நெருப்பருகே வைத்தல் ஆகாது.

பூத்தையல் ஒரு வரைபடம்

அலங்காரத் தையல் போடும் பொறியில், ஓரம் மேடுபள்ளமாக வெட்டிய வில்லை ஒன்று சுழலும். அதன் ஓரத்தைத் தொட்டு நகரும் நெம்புகோல் ஊசித்தண்டை இடமும் வலமும் தள்ளும். பல் துணியைச் சீராக முன்னே நகர்த்தும். துணியின் நகர்வை எக்ஸ் அச்சு என்றும், ஊசியின் பக்க அசைவை ஒய் அச்சு என்றும் கொள்ளுங்கள். வில்லையின் ஓரம் துணியில் வரைபடமாக விரிவதைக் காண்பீர்கள்! நெம்புகோலில் பிசின் இருந்தால் அது பள்ளங்களை எட்டாது. பூவின் இதழ்கள் தட்டையாகிவிடும்.

நேர்தையல் பொறியிலும் பூ வேலை செய்யலாம். பாதத்தைக் கழற்றி, பல்லைத் தாழ்த்தி அல்லது தகட்டால் மூடி, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையால் நகர்த்த வேண்டும். அங்கே இரு அச்சுகளும் உங்கள் கைகளே! விரல் ஊசிக்கு அருகே செல்லாதிருக்கட்டும்.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடித் துண்டுகளில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி இட்டு, மூன்று வாரம் காற்றுப்பட வைத்துச் சாய்த்துப் பாருங்கள். எது ஓடுகிறது, எது ஒட்டுகிறது? அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பொறிக்கு எதை இடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.