கரடி காணப் போன குடும்பம்

சென்ற ஜூலைத் திங்களின் இறுதியில், அமெரிக்காவில் வாழும் என் தமக்கையும் அத்தானும் தம் இரு பிள்ளைகளுடன் ஒரு மோட்டார்ப் பயணம் மேற்கொண்டனர். யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரிலிருந்து புறப்பட்டு, வடக்கே கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் என்னும் மூன்று தேசியப் பூங்காக்களைக் கண்டு திரும்புவது அவர்கள் திட்டம். பிள்ளைகளின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: காட்டுக் கரடியைக் கண்ணாரக் காண வேண்டும்.

திரும்பியதும் தமக்கை எனக்கு எழுதினாள்: “தம்பி, பத்து நாள் ஓட்டினோம். காட்டெருமைகள் சாலையை மறித்து நின்றன. எல்க் மான்களை மந்தை மந்தையாகக் கண்டோம். கரடி ஒன்றே ஒன்று. அதுவும் தொலைவில் ஒரு கரும்புள்ளி. சின்னவன் அதற்கென்று மடியில் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பூங்காக் காவலர் பார்த்துவிட்டார். அவர் நடத்திய பாடம் பத்து நிமிடம்! பழைய படங்களிலெல்லாம் கரடி கார்க் கதவருகே வந்து கை நீட்டுகிறதே, அவையெல்லாம் இப்போது எங்கே போயின? விலங்கியல் படிக்கிறவன் நீதான் சொல்ல வேண்டும்.”

அவளுக்கு எழுதிய விடையே சற்று விரிந்து இக்கட்டுரையாயிற்று. நம் சங்கத்து நண்பர்களுள் பலருக்கும் உறவினர் அந்நாட்டில் உளராதலின், இது பயன்படக்கூடும்.

முதலில் ஒன்று தெளிய வேண்டும். அப்பகுதியில் வாழும் கரடிகள் இருவகை. ஒன்று கருங்கரடி; மற்றது கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடி. நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முயன்றால் ஏமாந்து போவோம். கருங்கரடிகளிலும் பழுப்பு நிறத்தவை உண்டு. தோளின் மேல் திமில் போல் ஒரு தசைத் திரட்சி இருந்தால், முகம் நடுவில் சற்றுக் குழிந்திருந்தால், முன்னங்கால் நகங்கள் நீண்டு தெரிந்தால் அது கிரிஸ்லி. அந்தத் திமில் மண்ணைத் தோண்டுவதற்கு வேண்டிய வலுவைத் தருவது.

இனித் தமக்கை கேட்ட பழைய படங்களுக்கு வருவோம். யெல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தேசியப் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவினுள் 1915இல் மோட்டார் வண்டிகள் அனுமதிக்கப்பட்டன. கரடிக்கு உணவிடலாகாது என்ற விதி 1902 முதலே இருந்தது. ஆயின் அதனை மதித்தவர் இலர். சாலையோரம் நின்று பின்னங்கால்களில் எழுந்து ‘இரக்கும்’ கருங்கரடிக்கு ரொட்டியும் இனிப்பும் எறிவது குடும்பப் பயணத்தின் உச்ச நிகழ்ச்சியாகவே கருதப்பட்டது. விடுதிகளின் எச்சில் உணவைக் கொட்டும் மேடைகளில் கிரிஸ்லிகள் கூடின. அவற்றைக் காண மக்கள் அமர்வதற்குப் படிக்கட்டு வரிசைகள்கூட அமைத்திருந்தார்கள். அந்தக் காட்சி 1940களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. குப்பைமேடுகளோ மக்கள் கண்ணுக்கு மறைவாக மேலும் பல ஆண்டுகள் இருந்தன. 1958இல் தோன்றிய ‘யோகி பேர்’ என்னும் கேலிச்சித்திரக் கரடி சுற்றுலாக்காரரின் உணவுக் கூடையைத் திருடி உலகையே சிரிக்க வைத்தது. நாமும் சிறுவயதில் பார்த்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பிற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? 1931 முதல் 1969 வரை யெல்லோஸ்டோனில் கரடிகளால் காயமுற்றோர் ஆண்டுக்குச் சராசரி 48 பேர். பெரும்பாலும் கருங்கரடியின் வேலை. ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கொடுக்கத் தாமதித்த கையை அது பற்றியது. கடித்த கரடிகளுள் பல கொல்லப்பட்டன. கொடுத்தவர் படத்துடன் வீடு திரும்பினார்.

பெருந்துயரம் நேர்ந்தது வேறோர் இடத்தில். என் தமக்கை குடும்பம் மூன்றாவதாகச் சென்ற கிளேசியர் பூங்காவில், 1967 ஆகஸ்டு 13ஆம் நாள் பின்னிரவில், வெவ்வேறு இரண்டிடங்களில், வெவ்வேறு இரண்டு கிரிஸ்லிகள், பத்தொன்பது வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. 1910இல் அப்பூங்கா அமைந்தது முதல் அதுவரை அங்கே கிரிஸ்லியால் ஓருயிரும் போனதில்லை. ஒரே இரவில் இரண்டு என்றதும் மின்னல், நிலவு என்று பலரும் காரணம் தேடினர். உண்மைக் காரணம் எளியது. ஓரிடத்தில், மலைவிடுதியின் எச்சில் உணவு இரவுதோறும் கொட்டப்பட, விருந்தினர் அதனைத் தின்ன வரும் கரடிகளைக் கண்டு களித்து வந்தனர். மற்றோரிடத்தில், ஒரு கரடி அக்கோடை முழுவதும் கூடாரங்களில் புகுந்து உணவைக் கவர்ந்து வந்தது. மனித வாடை என்றால் உணவு என்று அவை கற்றிருந்தன.

இதன் பின்னரே யெல்லோஸ்டோனின் குப்பைமேடுகளை மூடும் முடிவு விரைந்தது. இங்குதான் அறிவியல் மாணவர்க்குச் சுவையான ஒரு வழக்கு எழுகின்றது. ஜான் கிரெய்க்ஹெட், ஃபிராங்க் கிரெய்க்ஹெட் என்னும் இரட்டைச் சகோதரர் 1959 முதல் அங்கே கிரிஸ்லிகளை ஆராய்ந்து வந்தனர். 1961இல் ஒரு கிரிஸ்லியின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி, அது விடுக்கும் ஒலியைப் பின்தொடர்ந்து அதன் வாழ்வை அறிந்தவர்கள் இவர்களே. இன்று புலிக்கும் யானைக்கும் நம் நாட்டில் கட்டும் பட்டைகளுக்கு அது ஒரு முன்னோடி. குப்பைமேடுகளைப் படிப்படியாகவே மூட வேண்டும் என்றனர் இச்சகோதரர். தலைமுறை தலைமுறையாக அங்கே தின்று பழகிய கரடிகள், திடீரென மூடினால், கூடாரங்களையும் பூங்காவுக்கு வெளியேயுள்ள ஊர்களையும் நாடும். அங்கே சுடப்பட்டு மடியும் என்பது அவர்கள் வாதம். பூங்கா அதிகாரிகளோ, காலம் தாழ்த்தினால் குட்டிகளும் இப்பழக்கத்தைத் தாயிடம் கற்கும், ஒரேயடியாக நிறுத்துவதே நன்று என்றனர். மேடுகள் 1970, 1971ஆம் ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. சகோதரர்களின் ஆராய்ச்சியும் பூங்காவினுள் 1971இல் நின்றது.

நடந்தது யாது? அவ்வாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கிரிஸ்லிகள் மடிந்தன. 1975இல் அழிவுக்கு உள்ளாகும் இனமெனச் சட்டப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டபோது, யெல்லோஸ்டோனிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் எஞ்சியவை 136 என மதிப்பிட்டனர். இன்று அதே பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. பூங்காவில் கரடியால் காயமுறுவோர் சராசரி ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவில் குறைந்துவிட்டனர். எனவே இரு தரப்பாரும் வென்றதாகக் கூறிக்கொள்ளலாம். என் கருத்தில், சேர வேண்டிய இடத்தைப் பூங்காவினர் சரியாகக் கண்டனர். வழியில் எத்தனை உயிர் போகும் என்பதைச் சகோதரர்கள் சரியாகக் கணக்கிட்டனர்.

அப்படியாயின் ஆயிரம் கரடிகளுள் ஒன்றேனும் தமக்கையின் கண்ணருகே ஏன் வரவில்லை? விடை நாட்காட்டியில் இருக்கிறது. குப்பைமேடு போனபின் கரடி பருவத்திற்கேற்ற உணவைத் தேடிப் பழைய வாழ்வுக்குத் திரும்பிவிட்டது. மே, ஜூன் திங்களில் பள்ளத்தாக்குகளில் பனி உருகி இளம்புல் தளிர்க்கும். எல்க் கன்றுகள் பிறக்கும். அப்போது லாமார், ஹேடன் பள்ளத்தாக்குகளின் திறந்த வெளியில், வைகறையிலும் அந்தியிலும் சாலையிலிருந்தே கிரிஸ்லியைக் காணலாம். ஜூலையின் பிற்பகுதி வந்தால் அவற்றுள் பல மலையுச்சிக்கு ஏறிவிடும்.

அங்கே என்ன இருக்கிறது? அந்துப்பூச்சி! சமவெளி வயல்களில் வெட்டுப்புழுவாக வளரும் ஒருவகைப் பூச்சி, கோடையில் நெடுந்தொலைவு பறந்து மலைகளுக்கு வருகிறது. இரவில் மலைப்பூக்களின் தேனைக் குடித்துப் பகலில் பாறைச் சரிவின் கற்களுக்கடியில் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். கோடை முதிர முதிர அதன் உடலில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடும். கற்களைப் புரட்டிப் புரட்டி ஒரு கிரிஸ்லி ஒரே நாளில் 40,000 பூச்சிகள்வரை தின்னக்கூடும் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். முந்நூறு கிலோகிராம் எடையுள்ள விலங்கு விட்டில் பொறுக்கித் தின்று கொழுக்கிறது! என் தமக்கை கீழே சாலையில் நண்பகலில் கரடி தேடிக்கொண்டிருந்த வேளையில், அவை தலைக்கு மேலே மூவாயிரம் மீட்டர் உயரத்தில் கல் புரட்டிக் கொண்டிருந்திருக்கலாம்.

இத்துணை வேட்கையோடு தின்பது ஏன்? குளிர்காலத்தில் ஐந்து திங்கள் அளவு கரடி குகைக்குள் உறங்குகிறது. அப்போது உண்பதில்லை, பருகுவதில்லை, சிறுநீரும் மலமும் கழிப்பதில்லை. உடலில் சேரும் யூரியாவை மீண்டும் புரதமாக மாற்றிக்கொள்வதால் தசை பெரிதும் மெலிவதில்லை. பெண் கரடியின் கதை இன்னும் வியப்பானது. கோடைத் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது; இலையுதிர்காலம்வரை காத்திருக்கும். தாயின் உடலில் கொழுப்புப் போதுமானால் ஒட்டி வளரும். இல்லையேல் வளராமலே போகும். குட்டிகள் நடுக்குளிரில், குகைக்குள், அரைக் கிலோகிராம் எடையில் பிறக்கும். (கறையான் தின்னும் நம் நாட்டுக் கரடிக்கு இந்த நெடுந்துயில் இல்லை, அதன் உணவு பனிக்கடியில் மறைவதில்லை அல்லவா?)

சின்னவனின் பிஸ்கட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் செறிந்த பொருள், கல் புரட்டாமல், சாலையோரத்தில் கிடைக்குமானால், ஒரு கிராம் கொழுப்புக்கும் உழைக்க வேண்டிய விலங்கு அதனை மறக்காது. மறுநாள் அடுத்த காரிடம் வரும். அதற்கடுத்த நாள் கூடாரத்தைக் கிழிக்கும். முடிவில் காவலரின் துப்பாக்கி. காவலர் பத்து நிமிடம் பேசியது சிறுவனைக் கடிவதற்காக அன்று. கிரிஸ்லியாயினும் கருங்கரடியாயினும் 100 கெஜம், அதாவது 91 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்பது யெல்லோஸ்டோன் விதி. அந்தத் தொலைவில் ஒரு கரும்புள்ளி நன்றாகவே தெரியும். தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லுமாறு தமக்கைக்கு எழுதியிருக்கிறேன்.

உணவே இடாவிட்டாலும் சாலை முற்றும் தீங்கற்றதன்று. கிராண்ட் டீட்டனில் 399 என்ற ஆராய்ச்சி எண்ணால் அறியப்பட்ட பெண் கிரிஸ்லி ஒன்று 1996இல் பிறந்தது. குட்டிகளைக் கொல்லும் ஆண் கரடிகள் சாலையருகே வரத் தயங்குவதால் போலும், அது தன் குட்டிகளைச் சாலையோரத்திலேயே வளர்த்தது. மனிதரிடம் உணவு கற்கவில்லை. மனிதர் இருப்பதைப் பொருட்படுத்தாமல் வாழக் கற்றது. 2020இல், தன் 24ஆம் வயதில், நான்கு குட்டிகளுடன் குகையைவிட்டு வெளிவந்தபோது அதனைக் காணக் குடும்பங்கள் கார் காராக வந்து வரிசையில் நின்றன.

2024 அக்டோபர் 22ஆம் நாள் இரவு, ஜாக்சன் நகரின் தெற்கே ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலையில், ஒரு மோட்டார் வண்டி மோதி அது இறந்தது. அப்போது அதற்கு வயது 28. சால்ட் லேக் நகரிலிருந்து டீட்டனுக்கு என் தமக்கையின் குடும்பம் முதல்நாள் சென்றது அந்தச் சாலை வழியேதான். அவ்வாண்டு தாயுடன் திரிந்த ஒரு வயதுக் குட்டி, வண்டி மோதிய இடத்தில் காணப்படவில்லை.