நாபோத்தின் தோட்டமும் நம்மவர் எடுக்கும் படங்களும்

காணி என்றால் என்ன என்று இடம்பெயர்ந்த கமக்காரருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சம்பூர்ப் பகுதி மக்கள் 2006 ஆம் ஆண்டு ஊரை விட்டு வெளியேறி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2015 இல்தான் அவர்களுடைய காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படத் தொடங்கின. இடம்பெயர்ந்தவர் எங்கே போய்க் காணியைக் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, உறுதி இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதுதான். பெட்டி படுக்கையை விட்டுவிட்டு ஓடியவர்கள்கூட அந்தக் கடதாசியை மடியில் கட்டிக்கொண்டு ஓடியது இதனால்தான்.

இந்தப் பாடம் காணியைப் பற்றியது அல்ல. வேலியே இல்லாமல் கிடக்கும் இன்னொரு சொத்தைப் பற்றியது. அதுதான் புகைப்படம். எமது குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று வயலோடு கமராவாலும் உழைக்கிறார்கள். திருமணவீடு, முதல் நன்மை, கோயில் திருவிழா என்று படம் பிடித்து, அவற்றை முகநூலிலும் இடுகிறார்கள். அந்தப் படத்தை ஒருவர் கேளாமல் எடுத்துப் பயன்படுத்தினால் என்ன செய்வது? உலகத்துப் படப்பிடிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? இதையே இங்கு பார்ப்போம்.

படம் யாருடைய சொத்து?

அரசர் முதல் நூல் 21 ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆகாபு அரசனுக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தில் ஆசை. அதைவிட நல்ல தோட்டம் தருவதாக, இல்லாவிட்டால் விலை தருவதாகக் கேட்டான். நாபோத்து மறுத்தான். அரசனுக்குக் கேட்க உரிமை இருந்தது. மறுக்க நாபோத்துக்கும் உரிமை இருந்தது. மறுத்த பின்னும் எடுத்ததே பாவம். இன்று படங்களை எடுப்பவர்கள் பலர் ஆகாபு அளவுக்குக்கூடக் கேட்பதில்லை. இணையத்தில் கிடக்கும் படம் எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறார்கள். தெருவோரத்து வயல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதற்காக, அதன் நெல்லை யாரும் அறுக்கலாமா?

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகப் பாதுகாக்கிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. படம் எடுக்கப்பட்ட உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. எடுத்தவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளாதார உரிமை வேலை கொடுத்தவரைச் சேரும். பேர்ண் உடன்படிக்கையில் எமது நாடு 1959 இலேயே சேர்ந்திருப்பதால், அதில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

உரிமை இரு வகைப்படும். ஒன்று பொருளாதார உரிமை: பிரதி எடுக்க, வெளியிட, விற்க அனுமதி கொடுப்பதும் மறுப்பதும். மற்றது ஒழுக்கநெறி உரிமை: படத்தோடு தன் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பதும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதை எதிர்ப்பதும். செய்தி, விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற தேவைகளுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் விடுகிறது. விளம்பரப் பதாகைக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஹெய்ட்டியில் நடந்தது

2010 சனவரி 12 ஆம் திகதி ஹெய்ட்டி நாட்டைப் பெரும் பூமியதிர்ச்சி அழித்தது. தலைநகரில் இருந்த படப்பிடிப்பாளர் டானியல் மொரேல் அன்றே படங்களை எடுத்து, டுவிட்டர் வழியாக வெளியிட்டார். இன்னொருவர் அவற்றைத் தன்னுடையவை போலத் தன் பக்கத்தில் இட்டார். பிரான்சின் ஏ.எப்.பி. செய்தி நிறுவனம் அங்கிருந்து படங்களை எடுத்து, அந்த மற்றவரின் பெயரோடு உலகெங்கும் அனுப்பியது. கெட்டி நிறுவனமும் அவற்றை விநியோகித்தது.

மொரேல் எதிர்த்தபோது, முதலில் வழக்குக்குப் போனது ஏ.எப்.பி. நிறுவனமே. டுவிட்டரில் இட்டதாலேயே மற்றவர்கள் பயன்படுத்த அனுமதி கொடுத்ததாகிவிடும் என்று அது வாதிட்டது. நியூயோர்க் நீதிமன்றம் 2013 சனவரியில் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள் மொரேலுக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். எல்லோருக்கும் இப்படிப் பணம் கிடைக்கும் என்பதல்ல இதன் பாடம். பொது இடத்தில் வைத்ததால் ஒரு பொருள் பொதுச்சொத்து ஆகிவிடாது என்பதே பாடம்.

படிப்படியாகக் கேட்பது

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வெருகல் பக்கத்து இளைஞன் ஒருவன், தன் தகப்பன் களத்தில் நெல் தூற்றுவதைப் படம் பிடித்து முகநூலில் இடுகிறான். சில மாதங்களில் ஒரு உரக் கம்பனியின் விளம்பரத்தில் அதே படம் வருகிறது. அவன் என்ன செய்யலாம்?

மத்தேயு நற்செய்தி 18 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு ஒழுங்கு காட்டுகிறார். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு. கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். அனுபவமுள்ள படப்பிடிப்பாளர்களின் வழியும் பெரும்பாலும் இதுவே.

முதலாவது, அத்தாட்சி. கமராவில் இருந்து வந்த மூலப்படமே உங்கள் உறுதி. அதை அழிக்காமல், இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். திருடப்பட்ட பக்கத்தை, அதன் முகவரியும் திகதியும் தெரியும்படி, திரையோடு படம் பிடித்து வையுங்கள். சண்டை தொடங்கினால் முதலில் மறைவது அந்தப் பக்கம்தான். படம் வேறெங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேட, கூகுளிலும் டின்ஐ என்ற தளத்திலும் படத்தையே கொடுத்துத் தேடும் வசதி உண்டு.

இரண்டாவது, தனியே பேசுதல். மரியாதையான ஒரு கடிதம் போதும். "இது நான் எடுத்த படம். இன்ன திகதியில் எடுத்தேன். அனுமதியின்றிப் பயன்படுத்தியுள்ளீர்கள்" என்று எழுதி, வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: பெயரைப் போடுவதா, படத்தை நீக்குவதா, கட்டணமா? பலர் அறியாமையால் செய்திருப்பார்கள், கேட்டதும் திருத்துவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையோ ஊர்ச் சங்கமோ எடுத்திருந்தால் பெயரோடு விட்டுவிடலாம். வியாபாரத்துக்கு எடுத்தவரிடம் கட்டணப் பட்டியல் அனுப்புவது பேராசை அல்ல. வேலையாள் தன் கூலிக்கு உரியவர் என்பது லூக்கா 10 ஆம் அதிகாரம் சொல்லும் நியாயம்.

மூன்றாவது, தளத்துக்கு முறைப்பாடு. முகநூல் போன்ற பெரிய தளங்களின் கம்பனிகள் பல அமெரிக்காவில் உள்ளன. அந்நாட்டின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமையாளர் முறையாக அறிவித்தால் படத்தை நீக்குவதற்கு அத்தளங்களில் ஒழுங்கு உண்டு. எது உங்கள் படம், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உங்களோடு எப்படித் தொடர்பு கொள்வது என்பவற்றை எழுதி, உண்மையென உறுதிகூறிக் கையொப்பமிட வேண்டும். எதிர்த்தரப்பும் மறுப்பு அனுப்பலாம். அதன்பின் நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் படம் மீண்டும் வரக்கூடும். பொய் முறைப்பாடு செய்தவர் தாமே சட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

நான்காவது, சபைக்குச் சொல்லுதல். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கேட்கலாம். நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கலாம். வேண்டுமென்றே உரிமையை மீறுவது குற்றமுமாகும். முதல் தடவைக்கு 500,000 ரூபா வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் வழக்குக்குக் காசும் காலமும் வேண்டும். அது கடைசிப் படியாகவே இருக்கட்டும். இறங்குமுன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

வேறு வழியில் போகிறவர்களும் உண்டு. சிலர் படத்தின் மேல் பெயரைப் பொறித்தும், சிறிய அளவில் மட்டும் வெளியிட்டும் வேலி அடைக்கிறார்கள். சிலர், பெயரைப் போட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்று தாங்களே எழுதிவைத்துத் திறந்து விடுகிறார்கள். அறுவடை முடிந்த வயலில் மாடு மேய விடுவது போன்றது அது. விடுவதும் விடாததும் உடையவர் விருப்பம்.

பெயரும் ஊரும் போனால்

களவுபோவது கூலி மட்டும் என்றால் இந்தப் பாடத்தை இங்கே முடித்துவிடலாம். நாபோத்தின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. ஈசபேல் அரசனின் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையை இட்டு, இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தினாள். தோட்டம் பறிபோனது பொய்ச்சாட்சியால்.

2018 யூலையில் மியான்மார் இராணுவம் ரோகிஞ்சா மக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. அதில் ஒரு படம்: மூட்டை முடிச்சுகளோடு நடந்து வரும் பெருங்கூட்டம். இவர்கள் வெளியிலிருந்து மியான்மாருக்குள் புகுந்த வங்காளிகள் என்று கீழே எழுதப்பட்டிருந்தது. ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தேடிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. அது 1996 இல் தன்சானியாவில், ருவாண்டா அகதிகளை மார்த்தா ரியால் என்ற அமெரிக்கப் பெண் எடுத்த வர்ணப்படம். அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழைய படம்போலக் காட்டியிருந்தார்கள். 1971 இல் டாக்காவில் எடுக்கப்பட்ட இன்னொரு படமும் அவ்வாறே திரிக்கப்பட்டிருந்தது. செப்டெம்பரில் இராணுவம் வாசகரிடமும் படங்களின் உரிமையாளரிடமும் மன்னிப்புக் கேட்டது.

ஆபிரிக்க அகதிகளின் துன்பம், ஆசியாவில் இன்னொரு அகதி மக்களை அந்நியர் என்று சொல்லப் பயன்பட்டது. படத்தை எடுத்தவரின் பெயரும், எடுத்த ஊரும், திகதியும் அழிந்தால் படம் பொய்ச்சாட்சி சொல்லும். அவை இருந்தபடியால்தான் இந்தப் பொய்யைப் பிடிக்க முடிந்தது. முகாமில் வரிசையில் நின்ற எமது தாய்மாரின் படத்துக்கும் நாளை இது நடக்கலாம்.

மெய்ச்சாட்சி சொன்னவர் எமது திருகோணமலையிலேயே இருந்தார். 2006 சனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து, சுடர் ஒளி பத்திரிகையில் வந்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படங்களைப் பகிர்பவர்கள் அவருடைய பெயரை வெட்டிவிட்டுப் பகிர்வது தகாது. அந்தப் பெயருக்காக அவர் கொடுத்த விலை பெரிது.

படத்தில் இருப்பவர்

சட்டம் பாதுகாப்பது படம் எடுத்தவரை. படத்தில் இருப்பவருக்கு அதே அளவு பாதுகாப்பு இல்லை. 1936 இல் அமெரிக்காவில், பிழைப்புத் தேடி அலைந்த ஒரு கூலித் தாயை டொரத்தியா லாங் படம் பிடித்தார். அரசாங்க வேலையாக எடுத்ததால் அது பொதுச்சொத்தாகி, உலகமெங்கும் அச்சாயிற்று. அந்தத் தாய் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978 வரை உலகுக்குத் தெரியாது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் நொந்து சொன்னார்.

ஆகவே கமரா பிடிக்கும் எமது பிள்ளைகளுக்கு இரட்டைக் கடமை உண்டு. தன் படத்தைக் கேளாமல் எடுக்காதே என்று மற்றவரிடம் சொல்பவர், கேளாமல் ஒரு விதவையின் கண்ணீரை எடுக்கக் கூடாது. முகாமுக்குப் படம் பிடிக்க வருகிறவரிடம், நீங்கள் யார், படம் எங்கே போகும், எதற்கு என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. வேண்டாம் என்று சொன்னால் நிவாரணம் நிற்கும் என்று எவரும் பயமுறுத்த விடாதீர்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தவரின் படம் கேளாமல் எங்காவது பயன்படுத்தப்பட்டதுண்டா? அப்போது மனதில் என்ன தோன்றியது?

2. விழா மலருக்கும் பதாகைக்கும் எமது சங்கங்கள் படங்களை எங்கிருந்து எடுக்கின்றன? எடுத்தவரின் பெயர் போடப்படுகிறதா?

3. படம் எடுத்தவரின் உரிமையும் படத்தில் இருப்பவரின் மதிப்பும் மோதும்போது எதை முதலில் வைக்க வேண்டும்?

4. மத்தேயு 18:15-17 ஐ வாசியுங்கள். படக் களவைத் தவிர எமது ஊரின் வேறெந்தப் பிணக்குக்கு இந்தப் படிமுறை பொருந்தும்?

செயற்பாடு: அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இடம்பெயர்ந்த காலத்துப் படம் ஒன்றாவது வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். அதன் பின்புறத்தில், எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு, படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றைத் தெரிந்த அளவுக்குப் பென்சிலால் எழுதுங்கள். முதியவர்கள் எம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.