நாடு மாறிக் குடியேறுவோர் அறிய வேண்டிய மஸ்அலாக்கள்

பிறந்த ஊரை விட்டுப் பக்கத்து நாட்டில் குடியேறுவது மனிதனுக்குப் புதிதல்ல. நபித்துவத்தின் 5-ம் ஆண்டில் (கி.பி. 615) மக்காவாசிகளின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் சிலர் செங்கடலைக் கடந்து அபிசீனியா சென்றார்கள். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் ஆதரவில் தீனை விடாமல் வாழ்ந்தார்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7-ல்தான் மதீனா வந்து சேர்ந்தார்கள்.

நம் பகுதியில் உள்ள கங்கைகொண்ட சோழபுரமும் குடிபெயர்ந்து உண்டான தலைநகரமே. முதலாம் ராஜேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே அரசிருக்கையை அமைத்தான். அவன் படைகள் ஈழத்துக்குக் கடல் கடந்தன. பிற்காலத்தில் ஏழைத் தொழிலாளர்கள் அதே கடலைக் கடந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய சந்ததியினரில் மிகப் பலரை 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த பலர், கண்ணால் கண்டிராத மண்ணைச் சொந்த நாடென்று வந்திறங்கினார்கள்.

இப்படி நாடு மாறுகிறவர் கவனிக்க வேண்டியவை:

1. புறப்படுமுன்: கடனையும் அமானிதத்தையும் உரியவரிடம் சேர்க்க வேண்டும். ஹிஜ்ரத் இரவில் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றதற்கு ஒரு காரணம், தம்மிடம் இருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதே. கொல்லத் துணிந்த ஊராரின் பொருளுக்கே இந்தப் பேணுதல் என்றால், அண்டை வீட்டாரின் கடனை மறந்து கப்பலேறுவது எப்படித் தகும்?

2. வழியில்: ஒருவரை முஸாபிர் ஆக்குவது தேசத்தின் எல்லைக்கோடு அல்ல; தூரமும் நிய்யத்துமே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். கஸ்ருக்குரிய தூரமோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆனால் அதைக் கடற்கரையிலிருந்து அல்ல, தம் ஊரிலிருந்தே கணக்கிட வேண்டும். ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இலங்கை செல்பவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் முஸாபிர் ஆகிவிடுகிறார். லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத். மஃரிபிலும் சுபுஹிலும் சுருக்கமில்லை. ஹனபி மத்ஹபில் கஸ்ரு வாஜிப். ஷாபிஈ மத்ஹபில் அது சலுகை. ஊர்வாசியான இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும்.

3. சேர்ந்த பின்: நிலையாக வாழும் எண்ணத்துடன் ஓர் ஊரை அடைந்தவர் அன்றே முகீம். அங்கே தற்காலிகமாகத் தங்குகிறவர், ஹனபிகளிடம் 15 நாட்களும், ஷாபிஈகளிடம் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுமையாக 4 நாட்களும் தங்க நிய்யத் வைத்தால் முகீம் ஆவார். "புது நாடுதானே" என்று மாதக்கணக்கில் கஸ்ரு செய்துகொண்டிருப்பது கூடாது.

4. பழைய ஊருக்கு வந்தால்: குடும்பத்தோடு முற்றிலும் குடிபெயர்ந்தவருக்குப் பழைய ஊர் வதன் அல்ல. அந்தத் தூரத்திலிருந்து ஓரிரு நாள் உறவினரைப் பார்க்க வந்தால், பிறந்த மண்ணிலேயே அவர் முஸாபிர்! மனைவி மக்களை அங்கேயே விட்டுச் சென்றவருக்கோ அது வதனாகவே நீடிக்கும். முழுமையாகத் தொழ வேண்டும். அவர்களுடைய உணவு, உடை, உறைவிடச் செலவும் அவர் பொறுப்பே. கடல் குறுக்கிட்டதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.

5. ஊராரின் கடமை: மதீனத்து அன்ஸாரிகள் வந்தவர்களைச் சகோதரர்களாக ஏற்றுத் தம் பொருளில் பங்கு கொடுத்தார்கள். நம்மிடமோ, தாயகம் திரும்பியவரை "சிலோன்காரர்" என்று ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. அங்கே "இந்தியாக்காரர்" என்றும் இங்கே "சிலோன்காரர்" என்றும் பெயர் வாங்கிய மனிதனுக்கு ஊர் எது? அவனுக்குச் சலாம் சொல்லி, வாடகைக்கு வீடு கொடுத்து, அவன் பிள்ளையை மதரஸாவில் சேர்த்துக்கொள்ளும் மஹல்லாவே அவனுடைய ஊர்.

வல்ல நாயன், வீடிழந்து வருவோருக்கு இடம் கொடுக்கும் மனதை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.