லேட்டானால் அதுதானா?

"மேடம், ஒரு வாரமாச்சு. இன்னும் வரலைன்னா அதுதானே?"

எங்கள் ஆய்வகக் கதவோரம் வந்து நிற்கும் முகங்கள் மாறும். இந்தக் கேள்வி மாறாது. 'அது' என்றால் எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போன மாதம் கேட்டவர், மனைவியின் கழுத்தில் நெறி கட்டியிருந்ததைச் சதைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூன்றே நாளில் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிட்டதாம். அப்படியானால் இவர் மனைவிக்கு ஏதோ இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று டாக்டர்கள் கையைப் பிசைகிறார்கள். இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் கொடுத்தவர் கேன்டீனில் டீ குடிக்க வந்த யாரோ.

இருபது வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருக்கிறேன். இந்தப் புரளியைக் கேட்டால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. அந்த டீக்காரப் பேரறிஞரை ஒருநாள் உள்ளே கூட்டிவந்து காட்ட ஆசை.

என்ன காட்டுவேன்? எடுத்த சதை முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். மார்பகச் சதையென்றால் குறைந்தது ஆறு மணி நேரம், 72 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கொழுப்பு அதிகமிருந்தால் ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். பிறகு ராத்திரி முழுக்க ஆல்கஹாலில் முக்கி நீரை வெளியேற்றி, அடுத்து சைலீனில் முக்கி, உருகிய மெழுகை உள்ளே ஏற்ற வேண்டும். மெழுகு இறுகியபின் மைக்ரோடோமில் சீவுவோம். ஒரு சீவல் மூன்று, நான்கு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அது வெந்நீரில் மிதக்கும்போது சுருங்காமல் கண்ணாடியில் ஏந்தி எடுப்பது, நீர்தோசையைக் கிழியாமல் எடுப்பதைவிடச் சிரமம். அப்புறம்தான் சாயம். அதற்கும் அப்புறம்தான் என் கண்.

இது எந்தச் சிக்கலும் இல்லாத சதைக்கு. எலும்பு வந்தால் அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கவே சில நாட்கள் போகும். சந்தேகமிருந்தால் அதே மெழுகை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்போம். நெறிக்கட்டி என்றால் தனிச் சாயங்கள், அதிலும் தெளியாவிட்டால் ஐ.எச்.சி. என்ற புரதம் தேடும் பரிசோதனை, சில சமயம் இன்னொரு நிபுணரின் பார்வை. ஸ்லைடை வைத்ததுமே பளிச்சென்று தெரியும் புற்றுநோயை அன்றைக்கே எழுதிவிடுவதும் உண்டு. இழுத்தடிப்பவை பெரும்பாலும் இப்படியா அப்படியா என்று எங்களையே திணறடிப்பவைதான்.

அந்தக் கணவரின் கதை அப்படித்தான். ஸ்லைடில் காசநோயில் வரும் செல் திரட்டுகள் தெரிந்தன. கிருமியைத் தேட ஒரு தனிச் சாயம் போட்டு, ஸ்லைடை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். அதற்குத்தான் கூடுதல் நாட்கள். கடைசியில் காசநோய் என்று உறுதியானது. ஆறு மாத மாத்திரை. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் உலை வைத்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

லேட்டானால் நல்ல சேதி என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அந்தச் செல்களில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க நாள் ஆகும். எந்த மருந்து கொடுப்பது என்பதற்கு அது வேண்டும். ஆக, நாட்களை எண்ணி ஜோசியம் பார்க்க முடியாது. "ஆபரேஷன் தியேட்டரில் அரை மணியில் சொன்னாங்களே?" என்பார்கள். அது சதையை உறைய வைத்துப் பார்க்கும் அவசரப் பரிசோதனை. பனிப்படிகத்தில் செல்கள் உருக்குலையும். சர்ஜன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது மட்டும் அது சரி. அதற்கும் இறுதி ரிப்போர்ட் மெழுகிலிருந்துதான்.

மற்றப் புரளிகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். ஊசி குத்தினால் பரவிவிடும் என்பார்கள். ஊசி போன தடத்தில் செல் ஒட்டுவது மிக அரிது. விதைப்பை மாதிரி ஊசி குத்தக் கூடாத இடங்கள் எவை என்று டாக்டருக்குத் தெரியும். சதையெல்லாம் எதற்கு, ரத்தப் பரிசோதனை போதுமே என்பார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ.-125 மாதவிலக்கிலும் கூடும், வயிற்றுக் காசநோயிலும் கூடும். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று பார்த்துவிட்டு அழுதவர்களும் உண்டு. புற்றுநோய் செல் இல்லை என்பதற்குத்தான் பெரும்பாலும் அப்படி எழுதுகிறோம். 'கவலைப்பட்டால் ரிசல்ட் கெட்டுவிடும்' என்று பயமுறுத்தும் அத்தைகளுக்கு: உடம்பை விட்டு வெளியே வந்த சதையை உங்கள் கவலை எட்டாது. தாராளமாக அழலாம்.

காத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, சதை எடுக்கும் அன்றே மூன்று கேள்வி கேட்பது. எந்தத் தேதிக்கு வரும்? யார் சொல்வார்கள்? வராவிட்டால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? நலம் விசாரிக்கும் சொந்தக்காரர்களின் போனை வீட்டில் ஒருவர் மட்டும் எடுக்கட்டும். கவரைப் பிரித்து நெட்டில் தேடாமல் டாக்டர் முன்னால் பிரியுங்கள். ராத்திரித் தூக்கம் அடியோடு போய்விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, சதையை நீங்களே வெளி ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தால், அது எதில் கிடக்கிறது என்று கேளுங்கள். இதை நான் சொல்லாத கூட்டம் கிடையாது. சலைனில் போட்டு அனுப்பினால் வழியிலேயே அழுக ஆரம்பிக்கும். பத்து சதவீத ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்கு அளவு வேண்டும். பாட்டிலுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாய் ஊறுகாய் பாட்டிலில் மெத்தென்று உள்ளே போன சதை, ஃபார்மலினில் இறுகியபின் வெளியே வராது. பாட்டிலை உடைத்து எடுத்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கட்டும்; திறந்து மோந்து பார்க்காதீர்கள்.

கூடவே வரும் படிவத்தையும் பாருங்கள். வயது, எந்த இடம், எத்தனை நாளாக, ஸ்கேனில் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். போன வாரம் ஒரு படிவம் வந்தது. விவரம் எழுத வேண்டிய கட்டத்தில் 'கட்டி' என்று ஒரே சொல். கையா, கழுத்தா, வயிறா? அனுப்பிய இடத்துக்குப் போன் போட்டேன், அடித்து ஓய்ந்தது. மறுநாள் மதியம்தான் ஆள் கிடைத்தார். அந்த ஒரு நாள் முழுக்க வெளியே பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு டீக்காரப் பேரறிஞரும் இருந்திருப்பார்.