குளிர்காலத்துக்கு ஏற்ற சிக்கனச் சமையல்

நவம்பர் பிறந்துவிட்டால் நமது நாட்டின் காலநிலை மாறத் தொடங்கும். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை விடாமல் பெய்யும். மலைநாட்டில் பனியும் குளிரும் கூடிவரும். ஜனவரி மாதத்தில் நுவரெலியாவின் புல்வெளிகளில் சில அதிகாலைகளில் உறைபனி படிவதும் உண்டு. இக்காலத்தில் பசி அதிகரிக்கிறது. ஆனால், மழை காரணமாகக் கடலுக்குப் போக முடியாத மீனவருக்கும், நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கும், நடைபாதை வியாபாரிக்கும் வருமானம் குறைவதும் இதே காலத்தில்தான். உணவு அதிகம் தேவைப்படும் நேரத்தில் கையில் பணம் குறைவாக இருக்கிறது.

இதன் விளைவை வகுப்பறையிலே காணலாம். காலையில் ஒரு கோப்பை பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு வரும் மாணவிகள் பலர். மூன்றாம் பாடவேளைக்குள் அவர்களுக்குத் தலை சுற்றுகிறது, கவனம் சிதறுகிறது. குறைந்த செலவில், உடலுக்குச் சூடும் போசணையும் தரும் உணவை வீட்டிலேயே எவ்வாறு சமைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் உடல் சூடாகும் என்று நாம் நினைக்கிறோம். இது ஓரளவுக்கே உண்மை. 60 பாகை சூடுள்ள 250 மில்லிலீற்றர் ரசம் நமது உடலுக்கு நேரடியாகக் கொடுக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 கிலோகலோரி மாத்திரமே. ஆனால் அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சியில் ஒருவருடைய பங்கு 250 முதல் 300 கிலோகலோரி வரை சக்தியைத் தரும். அந்தச் சக்தியே பல மணி நேரம் உடலைச் சூடாக வைத்திருக்கிறது.

உணவைச் சமிபாடடையச் செய்யும்போதும் உடலில் வெப்பம் பிறக்கிறது. மாப்பொருளையும் கொழுப்பையும் விடப் புரதம் சமிபாடடையும்போது இந்த வெப்பம் அதிகம். ஆகவே குளிர்கால உணவில் பருப்பு, பயறு, கொள்ளு, கடலை போன்ற ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மிளகும் இஞ்சியும் நாவிலும் தொண்டையிலும் சூடான உணர்வைத் தருகின்றன. அவை உணவுக்குத் துணையே தவிர, உணவாகிவிட மாட்டா.

விலையையும் சற்று எண்ணிப் பாருங்கள். 100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. எலும்பு நீக்கிய 100 கிராம் பச்சைக் கோழியிறைச்சியில் ஏறத்தாழ 20 கிராம். பருப்பில் குறைவாயுள்ள அமினோ அமிலத்தைச் சோறு ஈடுசெய்கிறது. எனவே சோறும் பருப்பும் ஒன்றாகச் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. இறைச்சி வாங்க முடியாத நாளில் மனம் தளர வேண்டியதில்லை.

ஐந்து பேருக்கு மூன்று உணவுகள்

1. பயற்றங்கஞ்சி: நோன்பு காலத்தில் நாம் விரும்பிக் குடிக்கும் கஞ்சியை மழைக்காலத்திலும் இறைச்சியில்லாமல் காய்ச்சலாம். சிவப்புப் பச்சையரிசி 200 கிராம், வறுத்த பாசிப்பயறு 100 கிராம் ஆகியவற்றைக் கழுவி, எட்டுக் கோப்பை தண்ணீரில் வேக விடுங்கள். உள்ளிப் பல் எட்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ரம்பை, கறிவேப்பிலை சேருங்கள். நன்கு குழைந்ததும் பாதித் தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டு, இறக்கும் நேரத்தில் முதற்பாலையும் உப்பையும் சேருங்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதம் கிடைக்கும்.

2. கொள்ளு ரசமும் சுண்டலும்: ஒரே அவியலில் இரண்டு உணவு இது. 250 கிராம் கொள்ளை இரவிலே ஊறவைத்து, மறுநாள் மென்மையாகும்வரை அவியுங்கள். அவித்த நீரை வடித்து, பழப்புளிக் கரைசல், இடித்த மிளகு, நற்சீரகம், மல்லி, உள்ளி சேர்த்துக் கொதிக்க வைத்தால் ரசம் தயார். வடித்த கொள்ளுக்குக் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவினால் சுண்டல். வடித்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் கரைந்த சத்தும் போய்விடும்.

3. குரக்கன் கூழ்: காலையில் பத்து நிமிடத்தில் ஆகக்கூடியது. பத்து மேசைக்கரண்டி குரக்கன் மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அதைக் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். தடித்து வந்ததும் தேங்காய்ப்பாலும் சிறிது கருப்பட்டியும் சேருங்கள். குரக்கனில் கல்சியம் மிகுதி. வளரும் பெண்பிள்ளைகளின் எலும்புக்கு இது அவசியம்.

கீரை, பருப்பு, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. உண்ணும் நேரத்தில் சிறிது தேசிக்காய்ச் சாறு பிழிந்தால் உறிஞ்சல் கூடும். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் அது குறையும். தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே நல்லது. இரத்தச்சோகைக்கு இலகுவில் ஆளாகக்கூடிய நமது வயதினருக்கு, செலவேயில்லாத இந்தப் பழக்கம் பெரும் நன்மை தரும்.

எரிபொருளை மிச்சப்படுத்துதல்

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுவுக்காக நீண்ட வரிசைகளில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பொருள் மலிவாயிருந்தும் அவிக்கும் செலவு கூடினால் அது சிக்கனமாகாது.

தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பைப் பெரிதாக எரிப்பதால் அதன் சூடு மேலும் ஏறாது. நீர்தான் வேகமாக ஆவியாகும். ஆகவே கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி வையுங்கள். தானியங்களை முன்கூட்டியே ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும்.

மலைநாட்டவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலை குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே கடலையும் கொள்ளும் வேக அதிக நேரம் எடுப்பது இதனால்தான். அமுக்கச் சமையற்பாத்திரத்தில் வெப்பநிலை 120 பாகைவரை உயர்வதால், அது அவ்வாறான இடங்களில் எரிபொருளைப் பெரிதும் சேமிக்கும்.

அது இல்லாத வீடுகளில், கஞ்சியைப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறுக மூடி, பழைய துணிகள் நிரப்பிய பெட்டிக்குள் பொதிந்து வைக்கலாம். உள்ளிருக்கும் சூட்டிலேயே அது மேலும் வெந்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்து, மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள்.

கவனிக்க வேண்டியவை

குளிருக்காகக் கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வெளியாகும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அடுப்பருகே நிற்கும்போது முக்காட்டின் நுனியை நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்து, மூடாமல் அவித்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

அன்பு மாணவிகளே! மனைப்பொருளியல் பாடத்தில் படிப்பது பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. வாரத்தில் ஒரு நாளாவது உம்மாவுடன் அடுப்படியில் நின்று, இந்த மூன்றில் ஒன்றைச் சமைத்துப் பாருங்கள். ஐந்து பேருக்கு ஆன செலவைக் கணக்கிட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் எதை வாங்குவது, எதைக் குறைப்பது என்பது அந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் எல்லோரும் உண்ட பின்னர் சட்டியில் மிஞ்சுவதே உம்மாவின் பங்காகிறது. சில வேளைகளில் மூத்த மகளின் பங்கும் அவ்வாறே. பரிமாறத் தொடங்குமுன்பே ஐந்து கோப்பைகளையும் வரிசையாக வைத்து, சம அளவில் ஊற்றுங்கள். வீட்டிலுள்ள அனைவருக்கும் போதுமானதாக இருக்கும்போதுதான் அது சிக்கனச் சமையலாகும்.